புல்லில் வந்த எலுமிச்சை வாசம்

கேரளத்து மறையூரில் புல்தைலம் காய்ச்சுகிறவன் நான். எலுமிச்சை, நார்த்தை, ஆரஞ்சு எண்ணெய்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

மூணாறு போய்த் திரும்பும் வழியில், மறையூர்ப் பக்கம் ஒரு கடையில் 'எலுமிச்சைத் தைலம்' வாங்கினேன். வாசம் எலுமிச்சை மாதிரிதான். ஆனால் பழத்தோலைக் கிள்ளினால் வருகிற வாசம் இல்லை. ஏமாந்துவிட்டேனா?
— வாசகி, உடுமலைப்பேட்டை

உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது அம்மா. பாட்டிலில் இருப்பது அநேகமாகப் புல்தைலம். எங்கள் சரிவுகளில் வளர்கிற இஞ்சிப்புல்லிலிருந்து எடுப்பது. உங்கள் பக்கம் எலுமிச்சம்புல் என்பீர்கள். நெல்லும் கரும்பும் சேர்ந்த புல் குடும்பம் அது. எலுமிச்சை மரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இரண்டிலும் சிட்ரால் என்ற பொருள் இருப்பதால் வாசம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். நல்ல புல்தைலத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சிட்ரால் இருக்கும். பழத்தோல் எண்ணெயில் அது நூற்றுக்குச் சில பங்குதான். அதிகம் இருப்பது லிமோனீன் என்ற வேறொரு பொருள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன் மட்டுமே நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு ஓரமாக வையுங்கள். பழத்தோல் எண்ணெயாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் முக்கால்வாசி வாசம் பறந்துவிடும். புல்தைலம் மறுநாளும் அந்தக் காகிதத்தை விடாது.

புல்தைலத்தை மட்டமாக நினைக்காதீர்கள். கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் வெளிநாட்டு வியாபாரிகள் இதைக் 'கொச்சி ஆயில்' என்றே அழைத்தார்கள். இதிலுள்ள சிட்ராலை வைத்து வைட்டமின் ஏ தயாரித்தார்கள். பெரும்பாவூர் அருகே ஓடக்காலியில் 1951இல் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சின்னாறு காட்டோரக் குடிகளில் முதுவர் பழங்குடிகள் இன்றும் காய்ச்சுகிறார்கள். அறுத்த புல்லைக் கொஞ்சம் வாடவிட்டு, பாத்திரத்தில் அமுக்கி அடைத்து, கீழே தீ போடுவோம். ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து இறங்கும்போது தைலம் தண்ணீருக்கு மேலே மிதக்கும். காய்ச்சி முடித்த சக்கையைக் காயவைத்தால் அடுத்த அடுப்புக்கு அதுவே விறகு. இவ்வளவு பாடுபட்டு எடுத்த பொருளுக்கு அதன் சொந்தப் பெயரைப் போட்டு விற்க ஏன் கூச்சமோ, எனக்குப் புரியவில்லை.

வீட்டில் எலுமிச்சைத் தோல் நிறைய மிஞ்சுகிறது. குக்கரில் ரப்பர் குழாய் மாட்டி எண்ணெய் எடுக்கலாமா? வீடியோவில் காட்டுகிறார்கள்.
— வாசகர், சின்னமனூர்

வேண்டவே வேண்டாம் தம்பி. தோல் துணுக்கு ஒன்று போய்க் குழாயை அடைத்தால் குக்கர் வெடிக்கும். அடைக்காவிட்டாலும் ரப்பர் வாசம்தான் எண்ணெயில் இறங்கும்.

ஆசைக்குச் செய்துபார்க்க வேறு வழி இருக்கிறது. அகலப் பாத்திரத்தின் நடுவில் ஒரு கல், கல்மேல் சின்னக் கிண்ணம், சுற்றிலும் தோலும் தண்ணீரும். மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன் குழியில் ஐஸ் கட்டி வையுங்கள். சிறு தீ போதும். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். கிடைப்பது வாசனைத் தண்ணீர், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். நூறு கிலோ தோலுக்கே அரைக் கிலோ எண்ணெய் வந்தால் பெரிது. வீட்டுத் தோலுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியிருந்தும் ஆரஞ்சு எண்ணெய் மலிவாகக் கிடைக்கக் காரணம் இருக்கிறது. பிரேசில் போன்ற நாடுகளின் ஜூஸ் ஆலைகளில் தோல் மலை மலையாகச் சேர்கிறது. அதைத் தீயில்லாமல் அழுத்தியே எடுத்துவிடுகிறார்கள். அதே இனத்துக் கசப்பு ஆரஞ்சின் பூவிலிருந்து எடுக்கும் நெரோலிக்கோ, ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு டன் பூ வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

தள்ளுவண்டியில் சோடா சர்பத் விற்கிறேன். நாள் முழுக்க எலுமிச்சை பிழிகிற கை. விரலிடுக்கிலும் புறங்கையிலும் தீக்காயம் மாதிரி சிவந்து, அப்புறம் கறுத்துவிட்டது. புண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.
— வாசகர், சித்தூர், பாலக்காடு

மருந்துக்குத் தோல் டாக்டரைப் பாருங்கள் அண்ணே. எனக்குத் தெரிந்தது காரணம். எலுமிச்சைத் தோலில் பெர்காப்டன் போன்ற சில பொருள்கள் உண்டு. நம் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் விழுந்தால் அவை சுட்டுவிடும். எரிச்சல் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் பழத்தின்மேல் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அந்தக் கறுப்பு மறைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பிழிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீர் போதாது. வண்டிக்கு மேலே ஒரு படுதா கட்டுங்கள். பிழியும்போது கையுறை போட்டால் இன்னும் நல்லது.

எண்ணெய் வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அழுத்தி எடுத்த எலுமிச்சை எண்ணெயில் இந்தப் பொருள்கள் அப்படியே இருக்கும். ஆவியில் காய்ச்சியதில் இருக்காது. அவை கனமானவை, ஆவியோடு ஏறி வராது. உடம்பில் தடவுகிற எண்ணெய் என்றால் எப்படி எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் தேங்காயெண்ணெயில் நன்றாகக் கலக்காமல் தடவக் கூடாது.

காலையில் வெந்நீரில் இரண்டு சொட்டு எலுமிச்சை எண்ணெய் விட்டுக் குடித்தால் எடை குறையுமா?
— வாசகி, கம்பம்

குறையாது. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, நேராகத் தொண்டையைத்தான் எரிக்கும். பழத்தைப் பிழிந்து குடியுங்கள்.

எங்கள் வீட்டில் வேப்பிலைக்கட்டிக்கு நார்த்தை இலையை மிளகாய், ஓமத்தோடு இடிப்போம். இலையிலும் எண்ணெய் உண்டா?
— வாசகி, கல்பாத்தி

உண்டு, அந்த வாசமே அதுதான். இளம் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினதுபோல் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. கறிவேப்பிலையும் வில்வமும் இதே குடும்பம், அவற்றிலும் புள்ளி உண்டு. இடிக்கும்போது பைகள் உடைந்து எண்ணெய் மிளகாயிலும் ஓமத்திலும் ஏறுகிறது. மிக்ஸியில் போட்டு ஓட விட்டால் சூட்டில் பாதி வாசம் பறந்துவிடும். உரல் இருந்தால் உரலிலேயே இடியுங்கள். நடு நரம்பைக் கிள்ளி எறிய மறக்காதீர்கள்.

ஆரஞ்சு எண்ணெய் ஒரு வருடத்தில் டர்பன்டைன் மாதிரி நாறுகிறது. பிளாஸ்டிக் டப்பாவும் இளகிவிட்டது.
— வாசகர், செங்கோட்டை

லிமோனீன் காற்றுப் பட்டால் கெடும், சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குழி விழும். அடுத்த முறை நிறக் கண்ணாடி பாட்டிலில், கழுத்து வரை நிரப்பி, ஃபிரிட்ஜில் வையுங்கள். கெட்டதை உடம்பில் தடவாதீர்கள், அரிப்பு வரும். ஸ்டிக்கர் பசை சுரண்ட அது அருமையான சாமான். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும்.