கால் தானாகத் துடிக்கிறதே, நடந்துவிடுவானா?

கேள்வி: கடலூர் மாவட்டம், நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் ஊர். என் மகனுக்கு வயது 20, கபடி வீரன். நான்கு மாதத்துக்கு முன்பு போட்டி முடிந்து பைக்கில் வரும்போது விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. டி10, அதாவது நெஞ்சுப்பகுதி முதுகெலும்பில் பத்தாவது எலும்பு என்றார்கள். ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, யூரின் டியூப் போட்டிருக்கிறது. ஒரு வாரமாக வலது கால் தானாகத் துடிக்கிறது. நரம்பு உயிர் பெறுகிறது, எண்ணெய் போட்டு நீவிவிட்டால் நடந்துவிடுவான் என்கிறார்கள். அவனுக்கு வேண்டியதை எல்லாம் நானும் அவன் அண்ணனும்தான் செய்கிறோம். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, அந்தத் துடிப்பைப் பார்த்ததும் உங்கள் மனம் எப்படிப் பொங்கியிருக்கும் என்று தெரியும். புதுச்சேரியில் என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் எத்தனையோ தாய்மார்கள் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் செத்துப்போவதில்லை. மூளையின் கட்டுப்பாடு அறுந்துபோனதால், அது தன் போக்கில் தசையை இழுக்கிறது. இதை ஸ்பாசம் என்பார்கள். அடிபட்டுச் சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து இது தொடங்குவது வழக்கம்தான்.

அவனைக் கண்ணை மூடச் சொல்லி, "வலது கால் கட்டைவிரலை மடக்கு" என்று மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். சொன்ன நேரத்தில், சொன்ன விரல் மட்டும், மூன்று தடவையும் அசைந்தால் அது வேறு சங்கதி. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். போர்வை பட்டதும் கால் மொத்தமும் உதறினால் அது ஸ்பாசம். இருக்கிற துடிப்பு ஒருநாள் திடீரென்று அதிகமானாலும் சும்மா விடாதீர்கள். சிறுநீரில் கிருமி, படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம் என்று கீழே ஏதோ நடக்கிறது. வலி தெரியாத உடம்பு அப்படித்தான் சொல்லும்.

நீவி விடுபவரைக் கூட்டி வர வேண்டாம். அசையாத காலில் எலும்பு சில மாதங்களிலேயே மெலிந்துவிடும். அழுத்தி முறுக்கினால் உடைந்தாலும் அவனுக்குத் தெரியாது. காலுக்குள் ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சுடு ஒத்தடமும் கூடாது, தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுடுமணலில் உட்கார வைப்பதும் கூடாது. தோல் வெந்தாலும் அவனுக்கு உறைக்காது.

சரி, நடப்பானா? ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா, அதை இறுக்க முடிகிறதா என்று மருத்துவர் சோதித்திருப்பார். அந்த முடிவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அங்கே கொஞ்சமாவது இருந்தால், திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நான்கு மாதம் கழித்தும் ஒன்றுமே இல்லையென்றால், முன்பு போல நடப்பது கடினம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்துவிடுவான் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் நிலத்தை விற்றுவிடாதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் விதி.

"எல்லாம் நாங்களே செய்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான். கபடிப் பையனின் தோளிலும் கையிலும் எவ்வளவு பலம் இருக்கும்! டி10 காயத்தில் அது அப்படியே இருக்கிறது. புரள்வது, உட்காருவது, சட்டை மாற்றுவது, பலகை வைத்துக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு நகர்வது எல்லாவற்றையும் பழகினால் அவனே செய்யலாம். பேன்ட் போட முதல் வாரம் முக்கால் மணி நேரம் ஆகும், வியர்த்துக் கொட்டும், உங்களையும் திட்டுவான். நீங்கள் கதவுக்கு வெளியே நில்லுங்கள்.

முதலில் அவன் பொறுப்பில் விட வேண்டியது தோலைக் கவனிக்கும் வேலை. வால் எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால், கணுக்கால் நான்கையும் காலை மாலை பார்க்க வேண்டும். அண்ணன் தன் போனில் படம் எடுத்து அவனிடம் காட்டட்டும். நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருத்த திட்டு, சூடு, தடிப்பு என்று தேட வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறாமல் இருந்தால், அது முழுதாக மறையும் வரை அந்தப் பக்கம் பாரமே கூடாது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரள வேண்டும். வீல்சேரில் அரை மணிக்கு ஒரு தடவையாவது முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். உட்காருவதற்கென்று கடையில் கொடுக்கும் ரப்பர் வளையத்தை வாங்காதீர்கள். அது ஓட்டையைச் சுற்றிய தோலை நெரித்துப் புண்ணைப் பெரிதாக்கும். கடலூர் முதுநகர்ப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். நகம் அளவு கொப்புளத்தை அசட்டையாக விட்டதில் ஏழு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

ஏர் பெட் வைத்திருந்தாலும் புரள்வதை விடக்கூடாது. நம் பக்கம் இன்னொரு கவலையும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையில் ஏறியபோது நாள்கணக்கில் கரன்ட் இல்லை. மோட்டார் நின்றால் ஏர் பெட் வெறும் பிளாஸ்டிக் விரிப்புதான். ஐப்பசி பிறக்கும் முன்பே நல்ல ஃபோம் மெத்தை ஒன்றும் ஒரு மாதத்துக்கான மருந்தும் கைவசம் இருக்கட்டும்.

அடுத்தது சிறுநீர். டியூபை நிரந்தரமாக வைத்திருந்தால் கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வரும். அதை எடுத்துவிட்டு, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனே கத்தீட்டர் என்ற சின்னக் குழாயை விட்டுச் சிறுநீரை எடுக்கும் முறையை மருத்துவரிடம் கேளுங்கள். கை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். அடிக்கடி எடுக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் அவனே எழுதட்டும். மலம் கழிக்கவும் தினமும் ஒரே நேரம், சாப்பிட்ட அரை மணிக்குள் என்று பழக்குங்கள். வருடம் ஒரு முறை சிறுநீரகத்துக்கு ஸ்கேன் அவசியம்.

வாசற்படி ஒரு அடி உயரம் என்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதைவிடக் குட்டையாகப் போட்டால் பின்பக்கம் கவிழும். ஜிப்மருக்குப் போவது உங்களுக்குப் பக்கம். ஆனால் வாரக்கணக்கில் தங்கி எல்லாவற்றையும் பழக, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தைப் பற்றியும் விசாரியுங்கள். 1966-இல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர், வீல்சேரில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

கபடிக் கோச்சையும் கூட ஆடிய பையன்களையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். "சீக்கிரம் வந்து ஆடுவே" என்று சொல்ல வேண்டாம் என்று மட்டும் முன்பே பேசி வையுங்கள். அவன் தனியாகப் படுத்து யோசிக்கும்போது அந்த வார்த்தை குத்தும். முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டடி பட்டு நடக்க முடியாமல் போனார். 1972 பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். உங்கள் மகனின் தோளுக்கு குண்டு எறிதல், பளு தூக்குதல், வீல்சேர் கூடைப்பந்து என்று வழி இருக்கிறது. உடம்பு தேறியதும் ஒரு சாயங்காலம் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்குக் கூட்டிப்போங்கள். அவன் கேட்டால் மட்டும்.

இன்னொன்று. கல்யாணம், தாம்பத்தியம், குழந்தை பற்றியெல்லாம் 20 வயதுப் பையனுக்குக் கேள்வி இருக்கும், அதை அம்மாவிடம் கேட்க மாட்டான். வழி உண்டு, சிகிச்சையும் உண்டு. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பத்து நிமிடம் நீங்கள் இருவரும் வெளியே உட்காருங்கள். அந்த நோட்டு அவன் மடியில் இருக்கட்டும். மருத்துவர் கேட்பதற்கு அவனே பதில் சொல்லட்டும்.