ரோமானிய செனட்டர்கள் எகிப்துக்குள் நுழைய ஏன் தடை இருந்தது?

"ரோமில் செனட்டர் என்றால் எவ்வளவு பெரிய ஆள்! அவருக்கே எகிப்துக்குப் போகப் பேரரசரின் அனுமதி வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். பெரிய ஆள் என்பதால்தான் அந்தத் தடையே.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்தே செனட்டர்கள் இத்தாலியை விட்டு வெளியே போவதென்றால் பொதுவாக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. சிசிலி மாதிரி பக்கத்து இடங்களுக்குத்தான் விலக்கு. எகிப்தின் கதை அதற்கும் மேலே. சிரியாவுக்கு ஆளுநராகப் போகிறவர் செனட்டர்தான். ஆனால் கி.மு. 30-இல் கிளியோபாட்ராவிடமிருந்து எகிப்தைப் பிடித்த அகஸ்டஸ், அதை ஆள ஒரு செனட்டரையும் அனுப்பவில்லை. அடுத்த படியில் இருந்த குதிரைவீரர் வகுப்பிலிருந்து ஒருவரைப் பிரிஃபெக்டாக, அதாவது ஆளுநராக, உட்காரவைத்தார். செனட்டராவதற்கு 10 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சொத்து வேண்டும், இந்த வகுப்புக்கு 4 லட்சம் போதும். பணக்காரர்கள்தான், ஆனால் அரியணைக்கு ஆசைப்படும் அளவுக்குக் குலப்பெருமை கிடையாது. எகிப்தில் இருந்த படைகளின் தளபதிகளும் இதே வகுப்புதான்.

இவ்வளவு முன்னெச்சரிக்கை எதற்கு? எகிப்திலிருந்து வந்த கோதுமைக்காக, அதாவது ரோமின் சாப்பாட்டுக்காக.

சில வருடங்களுக்கு முன் ரோமிலிருந்து ஆஸ்தியாவுக்கு ரயிலில் போனேன். ரயில் ஏறும் நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு பிரமிடு நிற்கிறது. சுமார் 36 மீட்டர் உயரம், நிஜ ரோமானியக் கல்லறை. எகிப்து கைக்கு வந்த புதிதில் செஸ்டியஸ் என்ற பணக்காரர் கட்டிக்கொண்டது. எகிப்து மேல் அப்போது ரோமுக்கு எவ்வளவு மோகம் இருந்தது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆஸ்தியா என்றால் முகத்துவாரம் என்று பொருள். டைபர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த துறைமுகம். இன்று வண்டல் சேர்ந்து கடல் சுமார் 3 கிலோமீட்டர் விலகிவிட்டது. அங்கே நாடக அரங்குக்குப் பின்னால் வணிகர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. தரையெல்லாம் கறுப்பு வெள்ளை மொசைக் படங்கள்: கப்பல், கலங்கரை விளக்கம், யானை, தானியம் அளக்கிற மரக்கால். வெயிலில் அந்த மரக்கால் படத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் ரோமின் அரசியலே அந்த மரக்காலுக்குள் இருந்தது. நகரத்தின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய 2 லட்சம் ஆண்களுக்கு மாதாமாதம் இலவசத் தானியம், தலைக்குச் சுமார் 33 கிலோ. ரேஷன் மாதிரிதான், ஆனால் ஏழை பணக்காரர் என்று பார்ப்பதில்லை, குடிமகனாக இருந்து பட்டியலில் பெயர் இருந்தால் போதும். இவ்வளவு கோதுமையை மாட்டுவண்டியில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. கடல் வழி ஒன்றுதான் மலிவு.

அந்தக் கடலும் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. குளிர்காலத்தில் கப்பல் ஓடாது. கோடையிலோ வடமேற்குக் காற்று. ரோமிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் போய்விடலாம், கோதுமை ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் திரும்ப இரண்டு மாதம்கூட ஆகும். பைபிளில் பவுல் ஏறிய கப்பல் ஞாபகம் இருக்கிறதா? இத்தாலிக்குப் போகிற அலெக்சாந்திரியாக் கப்பல், 276 பேர், புயலில் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள், மெலித்தா தீவில் கரை தட்டியது. பருவம் தப்பிக் கிளம்பிய தானியக் கப்பல்தான் அது.

கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்று அகஸ்டஸுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இளவயதில் அவரே பட்டவர். அவருடைய எதிரி செக்ஸ்டஸ் பாம்பே சிசிலியைப் பிடித்துக்கொண்டு தானியத்தை மறித்தபோது, பசித்த கூட்டம் அகஸ்டஸைக் கல்லால் அடித்தது. பின்னால் கி.பி. 51-இல் பேரரசர் கிளாடியஸ் மேல் ரொட்டித் துண்டுகளை எறிந்தார்கள். (ரொட்டி இல்லை என்று கோபப்பட்டவர்களுக்கு எறிய மட்டும் ரொட்டி எங்கிருந்து கிடைத்தது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.)

ஆனால் கோதுமை மட்டுமே காரணம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் தரும் கணக்குப்படி ரோமுக்கு எட்டு மாதம் சோறு போட்டது வட ஆப்பிரிக்கா, எகிப்து நாலு மாதம்தான். எகிப்தை ஆபத்தாக்கியது அதன் நில அமைப்பு. இரண்டு பக்கமும் பாலைவனம், வடக்கே அலெக்சாந்திரியாவை விட்டால் நல்ல துறைமுகம் அரிது. உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டால், சின்னப் படையே பெரிய படையைத் தடுத்துவிடும். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார். கூடவே பணம். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு சொல்கிற முசிறிக் கப்பல்களின் சரக்கு எகிப்து வழியாகத்தான் ரோமுக்குப் போயிற்று. அங்கே அதற்குச் சுங்கம் கால் பங்கு! சோறு, கோட்டை, கஜானா மூன்றும் ஒரே இடத்தில்.

அதனால் சந்தேகமும் அதிகம். முதல் பிரிஃபெக்ட் கொர்னேலியஸ் காலஸ், கவிஞர், தன் வீரத்தைக் கல்வெட்டில் பொறித்துச் சிலையும் வைத்துக்கொண்டார். பதவி போயிற்று, தற்கொலை செய்துகொண்டார். கி.பி. 19-இல் ஜெர்மானிக்கஸ் எகிப்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். பேரரசர் டைபீரியஸின் சுவீகாரப் புதல்வர், அடுத்த வாரிசு. அனுமதி வாங்கவில்லை. போன இடத்தில் தானியக் கிடங்கைத் திறந்து விலையை வேறு இறக்கினார். டைபீரியஸ் செனட்டிலேயே கண்டித்தார்.

சரி, இவ்வளவு கட்டுக்காவல் பலித்ததா? ஐம்பது வருடம் கழித்து, கி.பி. 69 ஜூலை 1 அன்று, அலெக்சாந்திரியாவில் இருந்த படைகளை வெஸ்பாசியனைப் பேரரசராக ஏற்றுச் சத்தியம் செய்ய வைத்தவர் யார் தெரியுமா? ஆபத்தில்லாதவர் என்று குதிரைவீரர் வகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரிஃபெக்ட், டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர். வெஸ்பாசியனோ செனட்டர், பக்கத்து யூதேயாவில் தளபதி. அவர் நேராக ரோமுக்குப் போகவில்லை. அலெக்சாந்திரியாவில் போய் உட்கார்ந்துகொண்டார். டிசம்பரில் அவர் தரப்புப் படை ரோமைப் பிடித்து அப்போதைய பேரரசர் விட்டெல்லியஸைக் கொன்றது, தானியத்தை நிறுத்தி ரோமைப் பட்டினி போடத் தேவைப்படவில்லை. ஆனால் அவர் அனுப்பிய கப்பல்கள் வந்து சேர்ந்தபோது ரோமின் கிடங்குகளில் மிச்சம் இருந்தது பத்து நாள் தானியம்தான்.