நடைபாதையில் பதித்த பெயர்கள்

வணக்கம் சார்,
ஜெர்மனியில் நாஜிகள் கொன்றவர்களின் பெயர்களைப் பித்தளையில் பொறித்து நடைபாதையில் பதிக்கிறார்களாம். செத்தவர் பெயரை மிதித்து நடப்பதா? ஆண்டுக்கு ஒருநாள் மெழுகுவத்தி ஏற்றுவதால் எந்த வெறுப்பு குறைந்தது? வெறும் சடங்குதானே?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மிதிப்பது பற்றிய உங்கள் கோபத்தை உங்களுக்கு முன்பே உரக்கச் சொன்னவர் மியூனிக் யூதச் சமூகத்தின் தலைவர் சார்லோட் க்னோப்லோக். சிறுமியாக ஒரு பண்ணை வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டு உயிர் தப்பியவர். மியூனிக் நகராட்சி பொது இடங்களில் பித்தளைத் தகடு பதித்த இந்தக் கற்களை அனுமதிப்பதில்லை, சுவர்ப் பலகைகள் வைக்கிறது. அவரோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் நான் கல்லின் பக்கம்தான்.

குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை இது. 10 சென்டிமீட்டர் சதுரம், ஆளுக்கு ஒரு கல், அவர் வாழ்ந்த வீட்டு வாசலில்: பெயர், பிறந்த ஆண்டு, எப்போது எங்கே அனுப்பினார்கள், என்ன ஆனார். யூதர்களோடு ரோமா என்ற சிறுபான்மை இனத்தவருக்கும் மனநல விடுதிகளில் கொல்லப்பட்டவர்களுக்கும் உண்டு. ஐரோப்பா முழுவதும் சேர்த்துக் கற்களின் எண்ணிக்கை 2023இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்று கேட்டால் தலைகுனிந்துவிட்டு நகர்ந்துவிடலாம்; இந்த வாசலில் இருந்த குடும்பம் என்றால், எதிர்வீட்டுக்காரர் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றும்.

விடை கசப்பானது. நாடுகடத்தப்படும் யூதர் தம் வீட்டில் இருக்கும் நாற்காலி, துணிமணி வரை படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். 1941 நவம்பர் ஆணைப்படி அவர் எல்லையைத் தாண்டியதும் சொத்து அரசுக்கு. அப்புறம் ஏலம். ஹாம்பர்க்கில் அது பகிரங்கமாகவே நடந்தது, ஊர்க்காரர்கள் வந்து மரச்சாமான்களை வாங்கிப்போனார்கள். அவர்களில் பலர் யாரையும் கைநீட்டி அடித்திருக்கமாட்டார்கள். மலிவாகக் கிடைத்தது, வாங்கினார்கள், அவ்வளவுதான். ஹிட்லரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. இப்போதெல்லாம் எங்காவது ஒரு சாராரை விரட்டினார்கள் என்று செய்தி வந்தால், காலியான கடையும் நிலமும் யார் கைக்குப் போனது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

சடங்கு என்கிறீர்கள். சரி, ஜனவரி 27, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் விடுவிக்கப்பட்ட நாள், அன்றைய மேடைப்பேச்சுகளில் அது நிறையவே உண்டு. ஆனால் ஒரு கல் பதிக்க வேண்டுமென்றால் யாராவது, பல இடங்களில் அந்தத் தெருக்காரர்களோ பள்ளிப் பிள்ளைகளோ, ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தேடி, எங்கோ இருக்கும் உறவினரைக் கண்டுபிடித்து எழுதி, செலவுக்கும் பணம் திரட்ட வேண்டும். பித்தளை கறுத்துப்போகும், அதைத் துலக்கவும் ஆள் வேண்டும். இதையெல்லாம் செய்த பிள்ளைக்கு அந்தப் பெயர் அவ்வளவு சுலபமாக மறக்காது.

வெறுப்பு குறைந்ததா என்றால், இல்லை. 2017 நவம்பரில் பெர்லினின் நொய்கோல்ன் பகுதியில் 16 கற்களை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மக்கள் பணம் போட்டுப் புதிதாகச் செய்யச்சொல்லி மறுபடியும் பதித்தார்கள்.