பரிசுக்குக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

டொராண்டோவில் பிறந்தநாள் பரிசுக்கு, செய்தவருக்கு நியாயமான விலை தருவதாகச் சொல்லும் ‘ஃபேர் டிரேட்’ (நியாய வணிக) கடைகளில்தான் கூடை, பொம்மை எல்லாம் வாங்குகிறோம். சாக்லேட் உறையில் இருக்கும் ஃபேர்டிரேட் முத்திரை இந்தப் பொருள்களில் இல்லை. நம்பி வாங்கலாமா?
– வாசகி, கனடா

முத்திரை இல்லாததை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம். சாக்லேட்டில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் விளைபொருளுக்கான முத்திரை. காப்பி, தேயிலை, கோகோ, வாழைப்பழம், பருத்தி போன்றவற்றுக்கு இன்ன தரத்துக்கு இன்ன குறைந்தபட்ச விலை என்று வரையறுக்க முடியும். கைவினைப் பொருளுக்கு அது முடியாது. பெயர் ஒன்றே என்றாலும் ஒரு கூடை அரை நாள் வேலையாக இருக்கும், இன்னொன்று நான்கு நாள் எடுத்திருக்கும்.

அதனால் இந்தத் துறையில் பொருளை விட்டுவிட்டு, அதைச் செய்து விற்கும் அமைப்பைச் சோதிக்கிறார்கள். உலக நியாய வணிக அமைப்பு (டபிள்யூ.எஃப்.டி.ஓ.) 1989-ல் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் பின்பற்ற வேண்டிய 10 நெறிகளை அது வைத்திருக்கிறது. அவற்றில் நாங்கள் முதலில் பார்ப்பது முன்பண விதியைத்தான். செய்பவர் கேட்டால், கைவினைப் பொருளுக்கு ஆர்டர் தொகையில் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்கூட்டியே தர வேண்டும். இது இல்லாத இடத்தில் நூலுக்கும் சாயத்துக்கும் உள்ளூர் வியாபாரியிடம் கடன் வாங்குவார்கள். சரக்கும் அவர் சொன்ன விலைக்கே போகும். நல்ல விலை தருவதாகச் சொல்லி நான்கு மாதம் கழித்துப் பணம் அனுப்பும் கடையால் கைவினைஞருக்கு லாபம் இல்லை.

கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்த குழு எது, எந்த ஊர்? அவர்களிடம் எத்தனை ஆண்டுகளாக வாங்குகிறீர்கள்? முன்பணம் கொடுப்பதுண்டா? பழக்கமுள்ள கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார். “ஏழைப் பெண்கள் செய்தது” என்பதற்கு மேல் ஒன்றும் வராவிட்டால் அடுத்த கடை பாருங்கள்.

புவிசார் குறியீடு, கைத்தறி முத்திரை, சில்க் மார்க், கிராஃப்ட்மார்க்... எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மதுரை

ஒவ்வொன்றும் சொல்லும் சேதி வேறு. புவிசார் குறியீடு பொருளின் ஊரையும் செய்முறையையும் சொல்கிறது. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை, துணி விசைத்தறியில் ஓடியதல்ல என்கிறது. சில்க் மார்க் பட்டின் தூய்மைக்கு மட்டும். தூய பட்டை விசைத்தறியிலும் நெய்யலாம். கிராஃப்ட்மார்க் என்பது பொருள் கையால் செய்யப்பட்டது என்பதற்கான சான்று.

நெய்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதை இவற்றில் எதுவும் நேரடியாகச் சொல்வதில்லை. போலியைத் தவிர்க்க இவை உதவும், போலி குறைந்தால் கைவினைஞருக்கு மறைமுகமாக நல்லது. அவ்வளவுதான். ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ம் ஆண்டுச் சட்டப்படி அது கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அப்படியும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் சந்தைக்கு வருகிறது. கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ ரசீதுடன் வாங்குவது இதற்கு எளிய வழி.

தை மாதம் மகள் கல்யாணம். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக 300 பேருக்குச் செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானில் தாம்பூலம் தர ஆசை. எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும்?
– வாசகி, கோவை

ஆடியில் சொல்லுங்கள், ஆவணியைத் தாண்ட விடாதீர்கள். காரணம் மழை. ஓலையை வெயிலில் காயவைத்து, சாயத்தில் போட்டெடுத்து, மறுபடி உலர்த்தி, ஒரே அகலத்தில் வகிர்ந்த பிறகுதான் பின்னல் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடைக்காது. அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் பின்னினால் பின்னால் அது சுருங்கி, பின்னலில் இடைவெளி விழும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மார்கழியில் அவசரமாகச் சொல்லி வாங்கும் கொட்டான்களில் வரும் குறைகள் பெரும்பாலும் இந்த ஈரத்தால் வருபவை. பின்னியவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாள் கணக்கை நீங்களே போடலாம். நீங்கள் கேட்கும் அளவில் ஒருவர் நாளைக்கு எத்தனை முடிப்பார், எத்தனை பேர் பின்னுவார்கள் என்று குழுவிடம் கேளுங்கள். ஆளுக்கு 3 என்று 5 பேர் பின்னினால் நாளைக்கு 15, ஆக 300-க்கு 20 வேலை நாள். ஓலை தயார் செய்ய ஒரு வாரம், தீபாவளி, வீட்டு விசேஷம், வயல் வேலை எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதம் ஆகிவிடும். இதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் ராத்திரி விளக்கில் பின்னுவார்கள், அல்லது வெளியாட்களிடம் கொடுத்து வாங்குவார்கள். இரண்டிலும் வேலை கெடும்.

அளவை “சின்னது, நடுத்தரம்” என்று சொல்லாதீர்கள். உள்ளே என்ன வைக்கப்போகிறீர்களோ, அதை அப்படியே ஒரு தட்டில் அடுக்கி, நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் எழுதிக் கொடுங்கள். தேங்காய் உண்டா இல்லையா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தேங்காய் என்றால் அடி அகலமாகவும் கைப்பிடி உறுதியாகவும் வேண்டும், விலையும் ஏறும்.

ஒரு மாதிரி பின்னச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள். ஈரத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்றும் கவனியுங்கள். ஒட்டினால் உள்ளே வாழையிலையோ வெண்ணெய்த் தாளோ போட்டுத்தான் பலகாரம் வைக்க வேண்டும். மாதிரி சரி என்றதும் பாதிப் பணம், மீதி சரக்கு கைக்கு வந்த அன்றே. “கல்யாணம் முடிந்து கணக்குப் பார்க்கலாம்” என்று இழுக்கக் கூடாது. நிறத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும், அதைத் திருப்பி அனுப்புவது நியாயமல்ல. 300-க்கு 310 ஆகச் சொல்லிவிடுங்கள்.

மணமக்கள் பெயரைக் கொட்டானிலேயே பின்னச் சொல்வதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. தேதி மாறினாலோ ஆர்டர் குறைந்தாலோ வேறு யாருக்கும் அதை விற்க முடியாது. பெயர் வேண்டுமென்றால் அட்டையில் அச்சடித்து நூலில் கட்டுங்கள்.

கண்காட்சிகளில் பேரம் பேசலாமா?
– வாசகர், திருச்சி

எதிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள். ஒரே கடையில் ஐந்து மாநிலச் சரக்கு இருந்தால் அவர் வியாபாரி, தாராளமாகப் பேசுங்கள். செய்தவரே உட்கார்ந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்வதற்குப் பதில் வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். “இதே மாதிரி, வேலைப்பாடு குறைவாக 800 ரூபாய்க்குள் இருக்கிறதா?” என்றால் அவரே எடுத்துக் கொடுப்பார். இரண்டு மூன்று வாங்கினால் குறைத்துத் தருவதும் உண்டு. கடைசி நாள் சாயங்காலம் வரை காத்திருந்து, சுமந்துபோக முடியாத சரக்கை அடிமாட்டு விலைக்குக் கேட்பது மட்டும் வேண்டாமே.

சிட்னியில் இருக்கும் தம்பிக்குச் சுவாமிமலை நடராஜர் சிலையும் பத்தமடைப் பாயும் அனுப்ப வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

சிலைக்கு முதலில் காகிதம். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பார்வைக்குப் புதிதும் பழையதும் ஒன்றுபோலத் தெரிவதால், போன மாதம் வார்த்த சிலையும் சுங்கத்தில் நின்றுவிடும். இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றை வாங்கி அனுப்புங்கள். கடை ரசீதும், சிலையைப் பல கோணத்தில் எடுத்த புகைப்படங்களும் தயாராக இருக்கட்டும். ஏற்றுமதி பழகிய பட்டறைகளும் தமிழக அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையமும் வழி சொல்வார்கள்.

சிலையைத் தேர்ந்தெடுக்கும்போது தூக்கிப் பாருங்கள். சுவாமிமலையின் பெருமை கன வார்ப்பு, அதாவது உள்ளே கூடு இல்லாமல் முழு உலோகமாக வார்ப்பது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். எடுக்கும்போது மண் அச்சு உடைந்துபோகும். உயரத்துக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் உள்ளே கூடு. அலமாரியில் ஆறு நடராஜர்கள் சடைமுடி வரை அச்சு அசலாக ஒன்றுபோல நின்றால் மெழுகு உருவே அச்சில் எடுத்தது என்று அர்த்தம். அது ஏமாற்று வேலையல்ல. ஆனால் கையால் உருப்பிடித்த சிலையின் விலையை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

பாய் கோரைப்புல். ஆஸ்திரேலியாவில் தாவரப் பொருள் எதையும் அறிவித்தே கொண்டுபோக வேண்டும், மறைத்தால் அபராதம். மண், விதை, பூச்சி இல்லாமல் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அனுப்புமுன் நிழலில் நன்றாக உலர்த்துங்கள். மடிக்காமல் சுருட்டிப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். நேரடியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பயணத்திலேயே பூஞ்சணம் வரும். நுண்ணிய பட்டுப்பாய் வேண்டுமானால் பல வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

கம்பளம் நெசவில் குழந்தைகளை வைத்து வேலை வாங்குவதாகப் படித்தேன். பரிசாக வாங்கத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், சென்னை

இதற்கென்றே ஒரு முத்திரை இருக்கிறது. குழந்தை உழைப்புக்கு எதிராகப் போராடும் கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994-ல் ‘ரக்மார்க்’ என்ற பெயரில் தொடங்கியது, இப்போது ‘குட்வீவ்’. தறி இருக்கும் இடங்களுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு கம்பளத்தின் முத்திரையிலும் தனி எண் இருக்கும். அந்த எண்ணைக் குட்வீவ் அமைப்பிடம் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கம்பளத்தைத் திருப்பியும் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்பக்கக் கோலம் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெரியும், ஓரக் குஞ்சம் பாவு நூலின் (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) தொடர்ச்சியாக இருக்கும். பின்னால் பசை போட்டுத் துணி ஒட்டி, குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருந்தால் அது கைத்துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திச் செய்த ரகம். அதைச் செய்ய ஆகும் நேரம் மிகக் குறைவு. முடிச்சுக் கம்பளத்தின் விலை சொன்னால் வாங்காதீர்கள்.