கேள்வி – பதில்: வாய் திறக்காத பிள்ளைக்கு வாசிப்பதா?

கேள்வி: மகனுக்கு நாலு மாதம். படப் புத்தகம் காட்டினால் பிடித்துச் சப்புகிறான். "எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு என்ன வாசிப்பு?" என்று மாமி கேட்கிறா. உண்மையில் பலன் உண்டா?
– இளந்தாய், புதுக்குடியிருப்பு

பதில்: நிச்சயம் உண்டு. வயிற்றில் இருக்கும்போதே, ஏறத்தாழ 25ஆம் கிழமையளவில், பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். பிறந்தவுடன் தாயின் குரலை இனங்காணும். நாளாந்தம் நாங்கள் பிள்ளையோடு கதைப்பது "வாங்கோ, குடியுங்கோ, நித்திரை கொள்ளுங்கோ" என்பதோடு நின்றுவிடுகிறது. புத்தகத்தைத் திறந்தால் ஆமை வரும், இடி இடிக்கும், ஓடம் ஆற்றைக் கடக்கும். ஒரு வயதளவில் வாயில் வரும் முதற்சொல், அதற்கு முன் மாதக்கணக்காகக் காதில் விழுந்த சொல்தான்.

இனி வாசிக்கும் முறை. பால் குடித்து ஏவறை விட்டபின், பிள்ளை விழிப்பாக இருக்கும்போது மடியில் சாய்த்து வையுங்கள். புத்தகம் முகத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். ஒரு படத்தைத் தொட்டு ஒரு வசனம் சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக்கொண்டு பேசாமல் இருங்கள். கண் விரியும், கால் உதைக்கும், "ஊ" என்று சத்தம் வரும். உடனே "ஓமோம், மாடுதான்!" என்று மறுமொழி சொல்லுங்கள். பேச்சு என்பது மாறி மாறி நடப்பது என்று பிள்ளை பழகுவது அந்த இடைவெளியில்தான். பலர் பிழைவிடுவதும் அங்கேதான். கடைசிப் பக்கம்வரை மூச்சுவிடாமல் வாசித்து முடிக்கப் பார்ப்பார்கள். மூன்று நிமிடம் போதும். முகத்தைத் திருப்பினால், முதுகை வளைத்தால் மூடிவையுங்கள்.

சப்புவது குறும்பு இல்லை, இந்த வயதில் வாயும் ஒரு கைதான். ஆனால் நனைந்த கடதாசி கிழிந்து தொண்டையில் அடைக்கும். அதனால் துணிப் புத்தகம் நல்லது.

கேள்வி: துணிப் புத்தகம் எங்கள் பக்கம் கிடைக்காது. வீட்டில் தைக்கலாமா?
– ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: ஒரு பின்னேரத்தில் தைத்துவிடலாம். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் 32க்கு 17 சென்ரிமீற்றர் அளவில் நாலு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துக் கோடு பதியுங்கள். கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு படம். கறுப்புத் துணியில் மாடு, மயில், கொக்கு, தாமரை இலை என்று பெரிதாக வெட்டி, விளிம்பு முழுவதும் நெருக்கமாகத் தையுங்கள். சின்னக் குழந்தையின் கண்ணுக்கு வெள்ளையில் கறுப்புத்தான் எடுப்பாகத் தெரியும்.

இரண்டிரண்டு துண்டாக, படங்கள் உள்ளே முகம் பார்க்க வைத்து, ஒரு சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி, ஓரிடத்தில் கொஞ்சம் தைக்காமல் வாய் விட்டு ஓரம் தைத்து, அந்த வாயால் புரட்டி எடுத்து அதையும் மூடுங்கள். தையலின் பின்பக்கம் உள்ளே மறைந்துவிடும். பிள்ளை நூலைப் பிடித்து இழுக்க ஏலாது. இரண்டு தாளையும் அடுக்கி நடுக்கோட்டில் தைத்தால் எட்டுப் பக்கம்.

கறுப்புத் துணியை முதலே தனியாகத் தோயுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டாதவரை தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் சாயம் பிள்ளையின் வாய்க்குள்தான் போகும். பொத்தான், மணி, நீள நாடா எதுவும் வேண்டாம்.

கேள்வி: நான் வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்ப்பது அம்மா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. போனில் பாட்டுக் காட்டலாமா?
– கிளிநொச்சி வாசகி

பதில்: வேண்டாம். இரண்டு வயதுக்கு முன் திரையே காட்டாமல் இருப்பது நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டலும். பிள்ளை "ஊ" என்றால் போன் காத்திராது. அம்மம்மா காத்திருப்பா. "கொக்கு வந்திட்டுது, மீனைக் கண்டதோ?" என்று படத்தைத் தொட்டுக் கதைத்தால் அதுவும் வாசிப்புத்தான். இரவில் அதே புத்தகத்தை நீங்கள் எடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளைக்குச் சலிக்காது.

கேள்வி: மகளுக்கு ஏழு மாதம். படத்தைப் பார்க்கிறாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை.
– மல்லாவி வாசகர்

பதில்: பொறுத்துப் பார்க்க வேண்டாம். ஆறு மாதமளவில் குரல் வரும் பக்கம் பிள்ளை திரும்ப வேண்டும். வீட்டில் கைதட்டிப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள்; கையின் அசைவையும் நிழலையும் கண்டே பிள்ளை திரும்பக்கூடும். இந்தக் கிழமையே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, வளர்ச்சிப் பதிவேட்டோடு போய்க் காதுச் சோதனை கேளுங்கள். அதுவரை வாசிப்பை நிறுத்தாதீர்கள். மடியில் முதுகுகாட்டி வைக்காமல், உங்கள் உதடு தெரிய எதிரே இருத்தி வாசியுங்கள்.