சம்பளம் இல்லாமல் ஒரு நாட்டின் தீயணைப்புப் படை நடக்குமா?

நடக்கும். சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே தன்னார்வலர்கள்தான். வண்டி ஓட்டுநர் போன்ற சிலருக்கு மட்டும் சம்பளம் உண்டு. மற்றவர்கள் சம்பளம் வாங்காததோடு, மாதச் சந்தாவும் கட்டுகிறார்கள்! பகலில் ஆசிரியராகவோ வக்கீலாகவோ இருப்பவர், 132 என்ற தீயணைப்பு அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தால் தலைக்கவசத்தோடு ஓடுவார்.

1851இல் வல்பராய்சோ துறைமுகத்தில் இது தொடங்கியது. அப்புறம் ஜெர்மானியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் என்று குடியேறிய ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு படை அமைத்தது. 1863 டிசம்பர் 8 அன்று தலைநகர் சாண்டியாகோவில் ஒரு தேவாலயம் தீப்பிடித்து இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் பெண்கள், அகலமான பாவாடைகள் ஒன்றோடொன்று சிக்கி, வாசலிலேயே குவிந்துபோனார்கள். அந்த மாதமே தலைநகரிலும் தன்னார்வப் படை பிறந்தது.

சரி, படை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2024 பிப்ரவரியில் சிலியின் வீன்யா தெல் மார் நகரப் பக்கம் பரவிய காட்டுத்தீ 130 பேருக்கு மேல் பலிகொண்டது. ஆனால் அருகில் கில்பூவே நகரிலுள்ள பொத்தானியா குடியிருப்பு தப்பியது. அங்குள்ளவர்கள் முன்கூட்டியே புதரை வெட்டி, மரக்கிளைகளைக் கழித்து, குப்பையை அள்ளி, வீடுகளுக்கும் காட்டுக்கும் நடுவே வெற்றிடம் விட்டிருந்தார்கள். தீ வேலி ஓரம்வரை வந்தது. பற்றிக்கொள்ள அங்கே சருகு இல்லை. எனக்கு இதுதான் மிகப் பெரிய தீயணைப்பு வேலையாகத் தெரிகிறது.