எஸ்பி-ஏ1, எஸ்பி-ஏ2 கலந்த குளோன்கள் குறித்து

மனித நுரையீரல் ஆர்என்ஏவிலிருந்து எஸ்பி-ஏ1 (நுரையீரலின் சர்ஃபாக்டன்ட் புரதம் ஏ-வுக்கான இரு மரபணுக்களில் ஒன்று; மற்றது எஸ்பி-ஏ2) மரபணுவின் சிடிஎன்ஏவை, அதாவது ஆர்என்ஏவைப் பார்த்து எழுதிய டிஎன்ஏ நகலை, குளோன் செய்தபோது, 8 பாக்டீரியக் காலனிகளில் 2-இல் புரதத்தின் 66, 73 ஆகிய அமினோ அமில இடங்களில் மெத்தியோனினும் அஸ்பார்ட்டிக் அமிலமும், ஆனால் 81, 85-இல் வாலினும் ஆர்ஜினினும் வந்ததாகவும், இது புதிய மரபணு வகையா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அப்படியிராது. எஸ்பி-ஏ1 எனில் 81-இல் ஐசோலியூசினும் 85-இல் சிஸ்டீனும் இருந்திருக்க வேண்டும். அவ்விரு இடங்களில் உங்களுக்குக் கிடைத்தவை எஸ்பி-ஏ2-க்கு உரியவை; 66, 73-இல் வந்தவையோ எஸ்பி-ஏ1-க்கு உரியவை. அதாவது, இரண்டும் பிசிஆரில் கலந்திருக்கின்றன.

10ஆம் குரோமோசோமில் உள்ள இவ்விரு மரபணுக்களும் புரதத்துக்கான பகுதியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், பிசிஆரின் (டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கும் முறையின்) ஒரு சுழற்சியில் பாதியில் நின்றுபோன இழை, அடுத்த சுழற்சியில் மற்ற மரபணுவின் இழைமீது ஒட்டிக்கொண்டு மீதியை அதைப் பார்த்து எழுதி முடித்துவிடுகிறது. 35 சுழற்சிகள் ஓட்டியதாகச் சொல்கிறீர்கள். 747 கார இணைகளே கொண்ட பகுதிக்கு அது மிகை என்பது என் கருத்து. அதை 25-க்குக் குறைத்து, நீட்சி நேரத்தை (ஒவ்வொரு சுழற்சியிலும் இழையை எழுதி முடிக்கத் தரும் நேரத்தை) கூட்டுங்கள். பின்முனைப் பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை), இரண்டு மரபணுக்களும் நன்றாக வேறுபடும் 3' முனையின் புரதமாகாப் பகுதியில் அமைப்பது இன்னும் பலன் தரும்.

அதே ஆர்என்ஏவிலிருந்து தனியாகச் செய்த இரண்டாவது பிசிஆரிலும் அதே வரிசை திரும்பி வந்தால், அப்போது ஜீனோமிக் டிஎன்ஏவில் (அதே நபரின் உயிரணுக்களில் உள்ள மூல டிஎன்ஏவில்) சரிபாருங்கள்.